இரண்டு ஜும்மாவுக்கு நடுவில்

பேத்தி பிறந்த நாளிலிருந்து மூஸா வீட்டு மாடிக் கொடியில் கைக்குட்டை அளவுத் துணிகளாகக் காய்ந்தன. மூஸா காலையில் எழுந்ததும் அவற்றை அண்ணாந்து பார்ப்பார், நாகூர்க் கந்தூரிக்குக் கொடி ஏறுவதைப் பார்க்கிற முகத்தோடு. கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் யார் எதிர்ப்பட்டாலும், "நான் நன்னா ஆயிட்டேன், மக வயித்துப் பேத்தி, தெரியுமுல்ல" என்பார். அதே ஆளிடம் முந்தாநாளும் அதையே சொல்லியிருப்பார்.

ஆனால் இது பேத்தி ஹாஃபிஸாவின் கதை இல்லை. அவளுக்கு இன்னும் தலையே நிற்கவில்லை, கதை சேரக் காலம் கிடக்கிறது. இது அவளைப் பெற்ற நுஸைபாவின் கதை.

மூஸா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஊரில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவரும் சார்ஜாவுக்குப் போனார். மளிகைக் கடையில் மூட்டை தூக்கினார், அலமாரி அடுக்கினார், பிறகு கல்லாவில் உட்கார்ந்தார். ஒற்றைக் கடையாக இருந்த முதலாளி ஊர் ஊராகக் கிளை திறந்தார். மூஸா மட்டும் கடைசி வரை முதல் கடையின் அதே கல்லாவில் இருந்தார். நுஸைபா பிறந்தது அவர் அங்கே இருக்கும்போதுதான். மகள் நடந்ததையும் பேசியதையும் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

ஒரு லீவுக்கு வரும்போது, கடையில் கழித்துப் போட்ட பில் மிஷின் ஒன்றை, அதோடு சேர்ந்த கல்லாப்பெட்டியையும் விடாமல், கட்டி எடுத்து வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் கேட்டார்: "என்ன பாய், கடை வைக்கப் போறீங்களா?"

"பொண்ணு கம்ப்யூட்டர் கேட்டுச்சு சார்."

"இது கம்ப்யூட்டரா?"

"உள்ள அதான் இருக்குன்னாங்க."

உள்ளே அதுதான் இருந்தது. மற்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிய எதுவும் அந்தப் பழைய மிஷினில் ஓடவில்லை. பக்கத்துத் தெருவில் காலேஜ் படித்த ஒரு பெண் லினக்ஸ் என்று ஒரு சிடி கொடுத்தாள். அது ஓடியது. படம் இல்லை, பாட்டு இல்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். நுஸைபா ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் ஒரு வரியைத் தட்டியதும் கல்லாப்பெட்டி 'டிங்' என்று பாய்ந்து வெளியே வந்து, கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா சைத்தூன் பீவியின் இடுப்பில் முட்டியது. "வெளிநாட்டுச் சைத்தானையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்காரு உங்க அத்தா" என்று அன்று முழுக்க அவள் முனகிக்கொண்டிருந்தாள். நுஸைபா அந்த வரியை இன்னும் பத்துத் தரம் தட்டினாள். தான் சொன்னதை ஒரு இரும்புப் பெட்டி கேட்கிறது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு இன்ஜினீயரிங் முடித்தாள். தஞ்சாவூரில் துரைக்கண்ணு என்பவர் நடத்திய சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தாள். கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பஸ். கல்யாணமாகி, மாப்பிள்ளை சமீர் தோஹாவுக்குப் போன பிறகும் அதே பஸ். ஒருநாள், அதற்குள் ஊரோடு வந்துவிட்ட மூஸாவிடம் அவருடைய பழைய முதலாளி மகன் போனில் புலம்பினார், ஒவ்வொரு கிளைக்கும் ஆள் அனுப்பி ஒவ்வொரு பில் மிஷினிலும் உட்கார்ந்து புது சாஃப்ட்வேர் ஏற்றுவதற்குள் அதுவே பழசாகிவிடுகிறது என்று. மூஸா அதை வீட்டில் சொன்னார். நுஸைபா போய்த் துரைக்கண்ணுவிடம் சொன்னாள். அப்படித்தான் அந்த வேலை தஞ்சாவூருக்கு வந்தது.

அவள் செய்தது இதுதான். ஆபீசில் ஒரே ஒரு லினக்ஸ் மிஷினில் ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றினாள். என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதி வைத்தால் போதும். அது கடல் தாண்டிப் போய் ஒவ்வொரு பில் மிஷினையும் கூப்பிட்டு, இதை ஏற்று, அதை நிறுத்து, முடித்துவிட்டுச் சொல் என்று வேலை வாங்கிவிடும். கூட வேலை பார்த்த ராஜராஜன் நீடாமங்கலத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். அவன்தான் அதற்குப் பேர் வைத்தான்.

"தான் ஒரு நாத்து நட மாட்டான். வரப்புல நின்னுகிட்டே அத்தன பேரையும் நட வச்சிருவான். கங்காணி இல்லாம வேற யாரு?"

பேர் ஒட்டிக்கொண்டது. துரைக்கண்ணு கூட, "கங்காணி என்னம்மா சொல்றான்?" என்றுதான் கேட்பார்.

நுஸைபா பிரசவத்துக்கு லீவில் இருந்தபோது கங்காணிக்கு வயதாகிவிட்டது. புதுப் பதிப்பு வந்துவிட்டது, பழசுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை என்று அறிவிப்பும் வந்துவிட்டது. ஆளை மாற்ற வேண்டியதுதான். அதில் ஒரு சிக்கல். புதுக் கங்காணி பேசுவது புதுப் பாஷை, பில் மிஷின்களுக்குத் தெரிந்தது பழைய பாஷை. அப்படியே ஆளை மாற்றினால் வரப்பில் நின்று புதியவன் கத்துவது ஒருவருக்கும் புரியாது. ஆகவே பழையவன் கிளம்புவதற்கு முன் அவன் வாயாலேயே எல்லா மிஷினுக்கும் புதுப் பாஷையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்போது ஒவ்வொரு மிஷினும் ஒருதரம் அணைந்து எழும்.

இரவும் பகலும் திறந்திருக்கிற அந்தக் கடைகள் மூடுகிற நேரம் வாரத்துக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குச் சாத்துவார்கள். அடுத்த வாரம் நோன்பு பிறக்கிறது. நோன்பு மாதத்தில் எந்த மிஷினையும் தொடக் கூடாது என்று முதலாளி மகன் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே வெள்ளிக்கிழமை.

துரைக்கண்ணு போன் செய்தார். நுஸைபா ஸ்பீக்கரில் போட்டாள். மூஸா பக்கத்தில் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"குழந்த எப்டிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு சார்."

"நீங்க ரெஸ்ட் எடுங்க. இந்தக் கங்காணி விஷயத்த சென்னைல ஒரு தம்பி பாத்துக்கறேங்குது. அப்படியே அந்த சார்ஜா வேலை முழுசையும் அதுவே பாத்துக்கட்டும். நீங்க திரும்பி வந்ததும் வேற எதாச்சும் பாக்கலாம்."

மூஸாவின் கை நின்றுவிட்டது. 'வேற எதாச்சும்' என்ற சொல்லை அவருக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கு லீவில் போய்த் திரும்பியவனுடைய கல்லாவில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். வந்தவனுக்கு வேற எதாச்சும் கொடுப்பார்கள். அது கடைசியில் மூட்டையில் போய்த்தான் முடியும்.

நுஸைபாவும் அதைப் புரிந்துகொண்டாள்.

"சார், வெள்ளிக்கிழமை நானே இங்கேருந்து செய்றேன். சனிக்கிழமை காலைக்குள்ள ஒரு கடையிலேருந்து கம்ப்ளைண்ட் வந்தாலும் சென்னைக்காரர்கிட்ட குடுத்துருங்க. வரலேன்னா அந்த வேலை எங்கிட்டயே இருக்கட்டும்."

துரைக்கண்ணு கொஞ்சம் யோசித்தார். "உங்க உடம்பு பாத்துக்கங்க. சரி, செய்ங்க."

போனை வைத்ததும் சைத்தூன் பீவி ஆரம்பித்தாள். "நாப்பது நாள் கழியாத பச்ச உடம்பு. அது அடுப்பு மாதிரி சுடுது, மடியில வச்சுக்கிட்டா சூடு பாலுக்குள்ள எறங்கிரும்."

"யாரும்மா சொன்னது?"

"கம்ப்யூட்டர் படிச்சவங்க யாரும் புள்ள பெத்து எழுதி வைக்கல. நாந்தான் சொல்றேன்."

கடைசியில் கவிழ்த்த தவலையின் மேல் லேப்டாப்பை வைத்து, மடிக்குத் தள்ளி உட்கார்ந்து வேலை பார்ப்பது என்று சமாதானம் ஆயிற்று.

நுஸைபா ராஜராஜனிடம் போனில் சொன்னாள்: "ஜும்மா நேரத்துக்குத் தானா ஆரம்பிக்கிற மாதிரி வச்சிருங்க. முதல்ல ஒரே ஒரு மிஷின். அதப் பாத்து நான் சரின்னு சொன்னாத்தான் மத்ததுக்கெல்லாம் போகணும்."

"நாத்தங்கால் மாதிரி."

"அதேதான்."

அந்த முதல் மிஷின் எதுவாக இருக்கட்டும் என்று அவள் கேட்டபோது, மூஸா கொஞ்சமும் யோசிக்காமல், "எங் கல்லாதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மூஸா குளித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, அத்தர் தடவி, பேத்தியிடம் விடை பெற்றுக்கொண்டிருந்தார். அது எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கிற காரியம். பன்னிரண்டரைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அந்தச் சத்தத்தோடேயே தவலையின் மேல் இருந்த திரையில் எழுத்துகள் தாமாக ஓட ஆரம்பித்தன.

"அத்தா, நீங்க எதையாச்சும் தொட்டீங்களா?"

"பேத்தியத் தவிர வேற எதையும் தொடல."

நுஸைபா திரையைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், ராஜராஜனைக் கூப்பிட்டாள். "எத்தன மணிக்கு வச்சீங்க?"

"ஜும்மாவுக்குத்தான். பன்னண்டரை."

"எந்த ஊரு ஜும்மா?"

"எனக்குத் தெரிஞ்சது கூத்தாநல்லூர் ஜும்மா ஒண்ணுதான். பன்னண்டரைக்குக் கடையெல்லாம் சாத்திருவாங்க. ரெண்டு தடவ பரோட்டா கெடைக்காம திரும்பிருக்கேன்."

"சார்ஜாவுல இப்ப மணி பதினொண்ணு. லீவு நாள் காலைல. கடை ரொம்பி வழியும்."

"அய்யய்யோ" என்றான் ராஜராஜன், மெதுவாக.

அவள் திரையில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். நாத்தங்கால் கட்டுப்பாடு இருந்ததால் ஒரே மிஷினோடு நின்றது. ஆனால் அந்த ஒன்றில் வேலை முடிந்தே போயிருந்தது. அதற்குள் மூஸாவின் போன் அடித்தது. வைரக்கண்ணு. மன்னார்குடிப் பக்கத்து ஆள், மூஸா எழுந்த கல்லாவில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.

"மூஸா பாய், ஒங்க கல்லா மிஷின் தானா அணைஞ்சு தானா எந்திரிச்சிருச்சு. பில் நல்லா அடிக்குது. ஆனா பெட்டி தொறக்க மாட்டேங்குது. சில்லறையெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. ஒரு மலையாளத்தம்மா மீனக் கையில புடிச்சுகிட்டு என்னையவே பாத்துகிட்டு நிக்குது."

நுஸைபா போனை வாங்கினாள். "மாமா, அந்தக் கவுண்டர மூடிருங்க. எல்லாரையும் பக்கத்துக்கு அனுப்புங்க. மிஷின மட்டும் அணைக்காதீங்க."

"அந்தம்மாவுக்கு மீதி?"

"பக்கத்துக் கல்லாவுலேருந்து குடுங்க. மீன் கெட்டுப் போறதுக்குள்ள."

போனை வைத்துவிட்டு அவள் திரைக்குத் திரும்பினாள். மூஸாவுக்குச் சனிக்கிழமைப் பேச்சு ஞாபகம் வந்தது. கம்ப்ளைண்ட் என்று இதைத்தானே சொல்வார்கள். வைரக்கண்ணு நம்ம ஆள், வெளியே சொல்ல மாட்டான். ஆனால் மலையாளத்தம்மா?

"போச்சாம்மா?" என்றார்.

அவள் உள்ளே பார்த்துக் கேட்டாள்: "அம்மா, அந்தப் பழைய கல்லாப்பெட்டி எங்க?"

"எந்தப் பெட்டி? என் இடுப்ப ஒடச்சுதே, அதுவா? பரண்ல கெடந்தத எடுத்துச் சுக்கும் வசம்பும் போட்டு வச்சிருக்கேன்."

"அதக் காலி பண்ணிக் குடுங்க."

"நோன்பு வருது, புள்ள மருந்தப் போய்க் கொட்டச் சொல்ற" என்றபடி சைத்தூன் பீவி எழுந்தாள். எழுந்தவள் கணவரைப் பார்த்தாள். "நீங்க இங்க என்ன நிக்கிறீங்க? ஜும்மா கெடக்குது, போங்க."

மூஸா போனார். பள்ளிவாசலில் முன்வரிசையில் இடம் கிடைத்தது, மனதுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. குத்பா உரையில் நோன்பின் மாண்பைப் பற்றி இமாம் நல்ல நல்ல விஷயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூஸாவின் கண்ணுக்குள் ஒரு கல்லாப்பெட்டி மூடியே கிடந்தது. கையேந்தும்போது, ஊர் உலகத்துக்கெல்லாம் கேட்டு முடித்து, கடைசியாக அந்தப் பெட்டிக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டார். அல்லாஹ்வுக்குத் தெரியாத பெட்டி உண்டா என்ன.

தொழுகை முடிந்ததும் யாரோடும் நின்று பேசாமல் திரும்பினார். தெருவில் பாதி தூரம் வரும்போதே வீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டிங்.

மூஸா செருப்போடு உள்ளே வந்துவிட்டார். கூடத்தில் செய்தித்தாள் மேல் சுக்கும் வசம்பும் கடுக்காயும் பரப்பிக் கிடந்தன. நடுவில் பழைய கல்லாப்பெட்டி, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர். பெட்டி வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஹாஃபிஸா விழித்துக்கொண்டு, இத்தனை அக்கிரமத்தையும் சேர்த்து அழுதாள்.

"செருப்பு" என்றாள் சைத்தூன் பீவி.

மூஸா செருப்பை விட்டுவிட்டு வந்து பேத்தியை வாங்கிக்கொண்டார். "என்னாச்சு?"

"பெட்டியத் தொறன்னு சொல்ற வரி பழைய பாஷைல இருந்துச்சு அத்தா. மத்ததெல்லாம் மாத்துனோம், அது ஒண்ணு அப்படியே நின்னுருச்சு. ஆபீஸ்ல சோதிச்சுப் பாத்த மிஷின்ல கல்லாப்பெட்டியே கெடையாது. இந்தப் பெட்டிய மாட்டிப் பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்."

ராஜராஜன் ஸ்பீக்கரில் இருந்தான். "நம்ம ஆபீஸ்ல கல்லாவுக்கு என்ன வேலை பாய், வந்தாத்தானே போட்டு வைக்கிறதுக்கு."

"அப்ப, நீ நேரத்த மாத்தி வைக்காம இருந்திருந்தா?" என்றார் மூஸா.

நுஸைபாதான் சொன்னாள். "கடை சாத்தியிருக்கும்போது ஓட்டியிருப்பேன். விக்கிறதுக்கு ஆளில்ல, பெட்டியத் தொறக்கவும் ஆளில்ல. எல்லாம் பச்சையா காட்டும். நானும் சரின்னு சொல்லியிருப்பேன். தொழுதுட்டு வந்து கடை தொறந்ததும் அத்தன கிளையிலயும் ஒரு பெட்டி கூடத் தொறந்திருக்காது."

மூஸா பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

"நான் தெரிஞ்சேதான் வச்சேன்னு எழுதிக்கலாமா?" என்றான் ராஜராஜன்.

"பரோட்டாவுக்காக வச்சேன்னு எழுதுங்க."

அவள் திருத்திய வரியை முதலில் வைரக்கண்ணுவின் மிஷினுக்கு மட்டும் அனுப்பினாள். சார்ஜாவில் அப்போதுதான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொழுகைக்குக் கிளம்பிய மற்ற ஆட்களை அனுப்பிவிட்டு, தனக்குப் போக வேண்டிய தொழுகை இல்லாததால் வைரக்கண்ணு கல்லாவிலேயே நின்றான். "தொறந்துருச்சு" என்றான் போனில். "நாலு தடவ தொறந்து பாத்துட்டேன். நல்லாத் தொறக்குது."

மூஸா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நுஸைபா இந்தத் தடவை எந்த நேரத்தையும் நம்பவில்லை. தன் விரலாலேயே தொடங்கி வைத்தாள்.

பழைய கங்காணி கடைசி முறையாக வரப்பில் இறங்கினான். ஒரு கடைக்குப் பின் ஒரு கடையாக மிஷின்கள் அணைந்தன, எழுந்தன, புதுப் பாஷையில் வாய் திறந்தன. திரையில் ஒவ்வொரு பேராகப் பச்சையில் வந்தது. மூஸாவுக்கு எழுத்து புரியவில்லை, நிறம் புரிந்தது. வெயில் காலத்தில், மேட்டூர் திறக்காத மாதத்தில், வாய்க்காலெல்லாம் மணலாகக் கிடக்கும்போது, அவர் வீட்டுக் கூடத்தில் மட்டும் வரிசை வரிசையாகப் பச்சை ஏறிக்கொண்டிருந்தது.

கடைசிக் கடை பச்சையானதும் அவள் ஆபீஸ் மிஷினில் பழையவனை அனுப்பிவிட்டுப் புதுக் கங்காணியை ஏற்றினாள். இனிதான் நிஜமான பரீட்சை. அவன் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எல்லாரும் பதில் குரல் கொடுக்க வேண்டும். நுஸைபா ஒரு வரியைத் தட்டினாள். திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. சைத்தூன் பீவி கூட வசம்பைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு மழை பிடித்த மாதிரிப் பதில்கள் வந்தன. ஒன்றுவிடாமல் எல்லா மிஷினும் இருக்கிறேன் என்றது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

நுஸைபா சாய்ந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "முடிஞ்சுதுத்தா."

"முடிஞ்சுதுல்ல, அத மூடு" என்றாள் சைத்தூன் பீவி. "பால் குடு. அப்பறம் சோத்தத் தின்னு. பூண்டுக் கொழம்பு ஆறிக் கெடக்கு." சொல்லிவிட்டு மகளின் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்த கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

மூன்று மணிக்கு வைரக்கண்ணு மறுபடி கூப்பிட்டான். "கடை தொறந்தாச்சு பாய். ஜனம் தள்ளுது. பேச நேரமில்ல, சும்மா கேளுங்க" என்று போனைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டான்.

மூஸா கேட்டார். பில் கிழிகிற சத்தம். டிங். யாரோ மலையாளத்தில் எதையோ கேட்கிறார்கள். டிங். பக்கத்துக் கவுண்டரில் ஒரு டிங், தள்ளி இன்னொன்று. அத்தனை வருஷம் அவர் அந்தச் சத்தத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தார். அப்போது அது முதலாளியின் பெட்டி திறக்கிற சத்தம். இப்போது ஒவ்வொரு தரமும் தன் மகள் சொல்லித்தான் திறக்கிறது. பேத்தி பிறந்த அன்று எந்தக் காதில் பாங்கு சொன்னாரோ அந்தக் காதோரம் போனைக் கொண்டு போனார். "கேளு. உங்கம்மா."

ஹாஃபிஸா கொட்டாவி விட்டாள்.

சனிக்கிழமை காலை துரைக்கண்ணு போன் செய்தார். நுஸைபா எடுப்பதற்குள் மூஸா ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"ஏம்மா, அந்த முதலாளி மகன்கிட்ட இப்பத்தான் பேசுனேன். எப்ப ஆரம்பிக்கப் போறீங்கன்னு கேக்குறாரு."

"முடிஞ்சு போச்சு சார்."

"அதத்தான் சொன்னேன். அவரு நம்பல. ஒரு கடையிலேருந்தும் ஒருத்தரும் போன் பண்ணலியே, எப்டி முடிஞ்சிருக்கும்ங்கறாரு." துரைக்கண்ணு சிரித்தார். "சென்னைத் தம்பிகிட்ட வேணாம்னுட்டேன். சார்ஜா வேலை உங்களுதுதான். நீங்க வீட்லேருந்தே பாருங்க, ஆபீஸ்லேருந்து பாருங்க, தூளிப் பக்கத்துலேருந்து பாருங்க, நான் கேக்க மாட்டேன். ராஜராஜன் உங்களுக்குக் கீழதான். பரோட்டாக் கதைய அவனே சொன்னான், அவனுக்குச் சார்ஜா மணி காட்டுற கடிகாரம் ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுங்க."

மூஸா அதற்குமேல் வீட்டில் நிற்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய் ஒரு கிலோ லட்டு வாங்கினார். கடைக்காரர் இப்ராஹிம் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "பேத்திக்குப் பேரு வச்ச அன்னிக்கே குடுத்தீங்களே பாய். இது எதுக்கு?"

"இது பேத்திக்கு இல்ல, மகளுக்கு. நேத்து சார்ஜாவுல அத்தன கடையிலயும் என்ன நடந்துச்சு தெரியுமா?"

"என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமே நடக்கல" என்றார் மூஸா.

இப்ராஹிம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூஸா பொட்டலத்தைப் பிரித்து, முதல் லட்டை அவர் கையிலேயே வைத்தார்.